மூன் நைட் தொடரின் கோன்ஷு: நிஜ எகிப்தியக் கடவுளா, பெயர் மட்டும் கடனா?

31 மார்ச் 2022 – கேள்வி

மார்வெலின் மூன் நைட் தொடரின் முதல் பாகம் நேற்று வந்துவிட்டது. பறவை மண்டையோட்டுடன் ஒரு நிலாக் கடவுள், ஒருத்தன் உடம்புக்குள் புகுந்து ஆளைப் போட்டு அடிக்க வைக்கிறார். எகிப்தில் இப்படியெல்லாம் ஒரு கடவுள் இருந்திருக்க வாய்ப்பே இல்லை என்பது என் கட்சி. பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு மீதி எல்லாம் மார்வெல்காரர்கள் கட்டியது. மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.

1 ஏப்ரல் 2022

மறுக்கிறேன், பாதியை.

கோன்சு (தொடரில் கோன்ஷு) நிஜக் கடவுள்தான். தீப்ஸ் நகரத்து மும்மூர்த்தி அமுன், மூத், கோன்சு. அப்பா, அம்மா, பிள்ளை. பெயருக்குப் பொருள் 'வழிநடப்பவன்'. இரவு வானத்தைக் குறுக்கே கடந்து போகும் நிலாவுக்குப் பொருத்தமான பெயர். கார்னாக் வளாகத்தின் தென்மேற்கு மூலையில் அவருக்கென்று தனிக் கோயில் இன்றும் நல்ல நிலையில் நிற்கிறது. கட்டத் தொடங்கியவர் மூன்றாம் ராம்செஸ்.

சிலைகளில் அவரை அடையாளம் காண்பது எளிது. மம்மி போல இறுகச் சுற்றிய உடல், ஒரு பக்கம் மட்டும் தொங்கும் சிறுவர் பின்னல், தலைமேல் பிறையும் அதன்மேல் முழுவட்டமும். இன்னொரு வடிவத்தில் வல்லூறுத் தலை இருக்கும். அப்போதும் பிறையும் வட்டமும் தப்பாமல் இருக்கும். வல்லூறுத் தலைமேல் வெறும் சிவப்பு வட்டம் மட்டும் என்றால் அது சூரியன் ரா. பலர் குழம்பும் இடம் இதுதான்.

அடிதடிக்கு வருவோம். சக்காராவில் உனாஸ் மன்னரின் பிரமிடு உள்சுவரில், சுமார் கி.மு. 2350இல் செதுக்கிய பாடல் ஒன்று உண்டு. செத்துப்போன அரசன் வானத்துக்குப் போய்த் தேவர்களையே பிடித்துச் சமைத்துச் சாப்பிடுகிறான். அவனுக்காக அந்தத் தேவர்களின் கழுத்தை அறுத்து, வயிற்றில் இருப்பதை வெளியே எடுத்துக் கொடுப்பவர் யார் தெரியுமா? கோன்சு. சாந்தமான நிலாப்பிள்ளை என்ற உருவம் பிறகு வந்தது. கையில் கிடைக்கும் மிகப் பழைய எழுத்தில் அவர் கொலைத்தொழில் செய்பவர். தொடரில் வரும் கோன்ஷு அதைவிட மென்மையானவர் என்றே சொல்லலாம்.

1 ஏப்ரல், இரவு

விட்டுப்போனது ஒன்று. நாயகன் ஸ்டீவன் (மார்க் என்பவரோடு ஒரே உடம்பைப் பகிர்பவர்) வேலை பார்க்கும் அருங்காட்சியகத்தில் தொங்கும் பதாகையைக் கவனியுங்கள். 'என்னியட்' என்றால் ஒன்பது கடவுள்கள், இதில் ஏழு பேர்தான் இருக்கிறார்கள் என்று ஸ்டீவன் சொல்வார், யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். அவர் சொல்வது முழுக்கச் சரி. ஹீலியோபோலிஸ் நகரத்து ஒன்பதின்மர்: அத்தும், ஷு, தெஃப்னுத், கெப், நுத், ஒசைரிஸ், ஐசிஸ், சேத், நெஃப்திஸ். இந்தப் பட்டியலை நினைவில் வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

3 ஏப்ரல் 2022

"அது வல்லூறு மண்டையோடா?" என்று கேட்டிருந்தார்கள்.

இல்லை. வல்லூறு அலகு குட்டையானது, நுனியில் கொக்கி போல வளைந்திருக்கும். தொடரில் இருப்பது நீண்டு, மெலிந்து, லேசாக வளைந்த அலகு. அரிவாள்மூக்கன் பறவையோடு அதிகம் ஒத்துப்போகிறது. எகிப்தில் அரிவாள்மூக்கன் தோத் கடவுளின் பறவை. தோத்தும் நிலாவோடு தொடர்புள்ளவர், நாள் கணக்கு பார்ப்பவர். இரண்டு நிலாக் கடவுள்களும் ஒரே மண்டையோட்டில் கலந்துவிட்டார்கள்.

மண்டையோடு மட்டும் எலும்பாக இருப்பதற்கு எகிப்தில் ஆதாரம் கிடையாது. அங்கே எந்தக் கடவுளையும் மண்டையோடாக வரைவதில்லை. அது காமிக்ஸ் வழி வந்தது. 1975இல் மூன் நைட் முதன்முதலில் தலைகாட்டியபோது கோன்ஷுவே இல்லை, ஓநாய் மனிதனைப் பிடிக்கப் போன கூலி ஆள், அவ்வளவுதான். 1980இல் தனி இதழ் தொடங்கியபோதுதான் எகிப்தும் கோன்ஷு சிலையும் உள்ளே வந்தன. ஆக, கேள்வி கேட்டவருக்கு இந்தப் பாதியை விட்டுக்கொடுக்கிறேன்.

7 ஏப்ரல் 2022

இரண்டாம் பாகத்துக்குப் பிறகு இரண்டு விஷயம். முதலாவது சின்னது, இரண்டாவதுதான் தொடரின் முதுகெலும்பு.

முதலாவது 'அவதார்' என்ற சொல். நமக்கு அவதாரம் என்றால் கடவுளே இறங்கிப் பிறப்பது. தொடரில் நடப்பது அதுவல்ல. கடவுள் வெளியே நிற்கிறார், மனிதன் வேறு ஆளாகவே இருக்கிறான், கடவுளின் வேலையை அவன் உடம்பு செய்கிறது. நம்மூரில் இதற்குச் சொல் 'சாமியாடி'. சாமி ஏறும், இறங்கும், ஆள் அதே ஆள்தான். வில்லன் ஹாரோவும் ஒரு காலத்தில் கோன்ஷுவின் ஆளாக இருந்தவர் என்று இந்தப் பாகத்தில் சொல்கிறார்கள். சாமி ஒருவரை விட்டு இன்னொருவரிடம் போயிருக்கிறது. அவதாரம் என்று புரிந்துகொண்டு பார்த்தால் இது விளங்காது. எகிப்தில் இதற்கு மிக நெருக்கமாக இருந்தவர் பாரோ. உயிரோடு இருக்கும்வரை அவர் ஹோரஸ், இறந்ததும் அடுத்தவர் ஹோரஸ்.

இரண்டாவது அம்மிட், ஹாரோ எழுப்பத் துடிக்கும் தேவி.

ஹாரோவின் வாதம் இது: அம்மிட் வந்தால் குற்றம் நடக்கும் முன்பே ஆளை எடைபோட்டு முடித்துவிடுவாள். எகிப்திய நம்பிக்கையிலிருந்து தொடர் மிக அதிகமாக விலகிய இடம் இதுதான். மற்றதெல்லாம் இறகு, அலகு, உடை சமாச்சாரம்.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஹுனெஃபர் என்ற எழுத்தரின் பாப்பிரஸ் இருக்கிறது (எண் இஏ 9901, சுமார் கி.மு. 1275). எடைபோடும் காட்சி அதில் மிகத் தெளிவு. இடப்பக்கத்திலிருந்து பாருங்கள். வெள்ளை உடுத்திய ஹுனெஃபரை நரித்தலை அனுபிஸ் கைபிடித்து அழைத்து வருகிறார். அடுத்துத் தராசு. ஒரு தட்டில் சின்னக் குடுவை போல இதயம், மறு தட்டில் ஒற்றை இறகு, அதுதான் மாஅத், அதாவது சத்தியமும் ஒழுங்கும். அனுபிஸ் மறுபடி தராசின் கீழே மண்டியிட்டிருக்கிறார். அவர் கையில் பிடித்திருப்பது, கொத்தனார் சுவருக்குப் பிடிக்கிற தூக்குக்குண்டு மாதிரியான ஒன்று. தராசுக்கோல் மட்டமாக நிற்கிறதா என்று பார்க்கிறார். பக்கத்தில் முதலைத் தலை, சிங்க முன்னுடல், நீர்யானைப் பின்னுடல் கொண்ட ஒன்று காத்திருக்கிறது. அதுதான் அம்மிட். தோத் எழுதுகோலோடு தீர்ப்பைக் குறித்துக்கொள்கிறார். பிறகு ஹோரஸ் ஹுனெஃபரை ஒசைரிஸின் முன்னால் கொண்டு நிறுத்துகிறார்.

இதில் அம்மிட்டின் வேலை என்ன? தீர்ப்புச் சொல்வது இல்லை. எடைபோடுவது அனுபிஸ், எழுதுவது தோத், தலைமை ஒசைரிஸ். அம்மிட் கடைசியில் இதயத்தை விழுங்கக் காத்திருப்பது, அவ்வளவே. கோயில் இல்லை, பூசை இல்லை, பக்தர் கூட்டம் இல்லை. பெயரே 'செத்தாரை விழுங்குபவள்'. செத்தார் என்பது பெயரிலேயே இருக்கிறது. உயிரோடு இருப்பவன் இதயத்தில் அவளுக்கு உரிமை கிடையாது. வாழ்க்கை முடிந்தபிறகுதான் எடை போட ஏதாவது இருக்கும். தண்டனை நிறைவேற்றுபவளை நீதிபதி ஆக்கி, நாளையும் முன்னே தள்ளிவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் தொடரின் கதை. பிழை என்று தள்ளிவிடாமல், தெரிந்தே செய்த மாற்றம் என்று எடுத்துக்கொண்டு பார்த்தால் ஹாரோ எவ்வளவு கோணலானவர் என்பது புரியும்.

8 ஏப்ரல் 2022

"இதயம் இறகைவிட லேசாக இருக்க வேண்டும் இல்லையா?" இல்லை. இணையம் முழுக்க இப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். ஓவியங்களில் தராசுக்கோல் மட்டமாக இருக்கும். சமம்தான் தேறுதல். தூக்குக்குண்டு எதற்கு என்று யோசித்தால் விளங்கிவிடும்.

"தங்க வண்டு?" தொடரில் அது அம்மிட் கல்லறைக்கு வழிகாட்டும் திசைகாட்டி. நிஜத்தில் இதய வண்டு என்று ஒன்று உண்டு, வேலை வேறு. மம்மியின் மார்பில் வைப்பார்கள். மறுமைக்கான மந்திரத் தொகுப்பான இறந்தோர் நூலின் 30ஆ மந்திரத்தில் செய்முறைக் குறிப்பே இருக்கிறது: பச்சைக் கல்லில் செய்து, வெள்ளி கலந்த தங்கத்தில் பதித்து, வெள்ளி வளையம் கோத்துக் கழுத்தில் போட வேண்டும். அடிப்பக்கம் பொறிக்கும் வாசகம் இதயத்தைப் பார்த்துச் சொல்வது: என் தாய் தந்த இதயமே, எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல எழாதே. தன் இதயமே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயம். இவ்வளவு கனமான பொருளைத் திசைகாட்டி ஆக்கியதுதான் எனக்கு வருத்தம். அதுவும் தன்னைத் தானே நம்ப முடியாத ஒருவன் கதையில்.

14 ஏப்ரல் 2022

மூன்றாம் பாகம். அன்றைக்குச் சொன்ன ஒன்பதின்மர் பட்டியலை எடுங்கள். பிரமிடுக்குள் கூடும் சபையில் ஒசைரிஸ், ஐசிஸ், தெஃப்னுத், ஹோரஸ், ஹாத்தோர் சார்பில் ஆட்கள் வருகிறார்கள். ஹோரஸும் ஹாத்தோரும் ஒன்பதில் இல்லை. முதல் பாகத்தில் ஸ்டீவன் திருத்தியதைத் தொடரே மறந்துவிட்டது.

அம்மிட் கல்லறையைத் தேட, பழைய விண்மீன் வரைபடத்துக்குப் பொருந்தும்படி கோன்ஷு வானத்தைச் சுழற்றும் காட்சிக்கு வருகிறேன். அறிவியல் சரியா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.

அடிப்படை சரி. பூமியின் அச்சு பம்பரம் தள்ளாடுவது போல மெல்லச் சுற்றுகிறது, ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 26,000 ஆண்டு. கணக்குப் போட்டால் 72 ஆண்டுக்கு ஒரு பாகை. 2,000 ஆண்டு என்றால் 28 பாகைக்குக் கொஞ்சம் குறைவு. அதனால் பழைய விண்மீன் வரைபடத்தை இன்றைய வானத்தோடு வைத்தால் பொருந்தாது. கோன்ஷு வானத்தையே பின்னால் தள்ளுவது இதைச் சரிக்கட்டத்தான். விண்மீன் கூட்டங்களின் உருவம் பெரிதாக மாறாது, எல்லாம் சேர்ந்தே நகரும் என்பதும் சரியாக வந்திருக்கிறது.

இடறுவது எங்கே? விண்மீன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை வைத்து வடக்கு-தெற்கு நிலையைச் சொல்லலாம். கிழக்கு-மேற்கு நிலை வேண்டுமானால் அந்த இரவின் சரியான நேரம் தெரிய வேண்டும். பூமி ஒரு மணிக்கு 15 பாகை சுழல்கிறது. நான்கு நிமிடம் தவறினால் ஒரு பாகை, எகிப்தின் அகலாங்கில் அது 95 கிலோமீட்டருக்கு மேல். பாலைவனத்தில் அவ்வளவு தூரம் தள்ளித் தோண்டினால் மணல்தான் கிடைக்கும். "அந்த இரவு எனக்கு நினைவிருக்கிறது" என்று கோன்ஷு சொல்வதைத்தான் இதற்குப் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டும். நாழிகை உட்பட நினைவிருக்கிறது என்று வைத்துக்கொண்டால் கணக்கு தப்பாது.

15 ஏப்ரல் 2022

"கோன்சு சூதாட்டத்தில் நிலவொளியைத் தோற்றார், அதனால்தான் நிலா தேய்கிறது" என்று ஒருவர் பதிந்திருக்கிறார். இது எல்லா இடத்திலும் சுற்றும் கதை. மூலம் புளூட்டார்க், கி.பி. முதலாம் நூற்றாண்டில் பிறந்த கிரேக்கர். அவர் எழுதியதில் ஆடுபவர் ஹெர்மிஸ், எதிராளி நிலாப்பெண் செலினி. கோன்சு பெயரே வராது. ஹெர்மிஸ் என்றால் தோத் என்று வைத்து, நிலா என்றால் கோன்சு என்று மாற்றியது பிற்கால மறுகதை. ஜெயித்த ஒளியிலிருந்துதான் ஆண்டின் கடைசி ஐந்து நாள் உண்டானது என்கிறார் புளூட்டார்க். எழுபதில் ஒரு பங்கு என்பது அவர் கணக்கு. 360ஐ 70ஆல் வகுத்தால் ஐந்துக்குக் கொஞ்சம் மேலே போகும். 72ஆல் வகுத்தால்தான் சரியாக ஐந்து. முழு எண்ணாகச் சொல்லிவிட்டார் போல.

21 ஏப்ரல் 2022

நான்காம் பாகம். கல்லறைக் காட்சிகளில் உழைப்பு தெரிகிறது.

குடலை எடுத்துக் குடுவையில் போடும் ஆட்கள். ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் என நான்கு உறுப்புக்கு நான்கு குடுவை. மூடிகள் முறையே மனிதன், பபூன் குரங்கு, நரி, வல்லூறு. இதயத்தை உடம்பிலேயே விட்டுவிடுவார்கள், தராசுக்கு வேண்டுமே. மூளைக்கு மரியாதை கிடையாது, மூக்கு வழியாகக் கொக்கி விட்டு எடுத்துப் போட்டுவிடுவார்கள். மொத்த வேலை 70 நாள், அதில் நேட்ரான் உப்பில் உலர்த்துவது மட்டும் சுமார் 40 நாள். தொடரில் நிமிடத்தில் முடிகிறது. உலர்த்தாமல் சுற்றினால் உள்ளேயே அழுகிவிடும்.

கடவுளைக் கல்லாக்கி அடைக்கும் உஷாப்தி பொம்மைகள் நிஜத்தில் வேலைக்காரர்கள். மறுமையில் வயல்வேலைக்குக் கூப்பிட்டால் எசமானுக்குப் பதிலாக "இதோ நான்" என்று எழுந்து போக வேண்டும். பிற்காலத்தில் முழுத் தொகுதி 401: நாளுக்கு ஒன்றாக 365, பத்துக்கு ஒரு கங்காணியாக 36. துட்டன்காமுன் கல்லறையில் 413 கிடைத்தன. சிறைக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

அலெக்சாந்தர் விஷயம்தான் கையில் கிடைத்த முத்தைத் தவறவிட்ட மாதிரி. அவரை அம்மிட்டின் ஆளாக்கிவிட்டார்கள். வரலாற்றில் கி.மு. 331இல் சீவா பாலைவனச் சோலைக்குப் போய், அமுனின் மகன் என்ற பட்டத்தோடு திரும்பியவர் அவர். அவர் காலத்துக்குப் பின் வந்த நாணயங்களில் காதோரம் அமுனின் ஆட்டுக்கொம்போடுதான் இருப்பார். அமுனின் மகன் யார்? கோன்சு. அந்தக் கணக்கில் அலெக்சாந்தர் கோன்சுவுக்குச் சகோதர முறை. கதாசிரியர்கள் கண்முன்னால் கிடந்த உறவு இது.

கடைசிக் காட்சியில் நீர்யானை வருகிறது. தவெரெட் பிரசவம் பார்க்கும் கடவுள், செத்தவர் விவகாரத்தில் அவளுக்கு இடமில்லை. தவறான கடவுள்.

28 ஏப்ரல் 2022

மேலே கடைசிப் பத்தியில் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அவசரப்பட்டுவிட்டேன்.

எடைபோடுவது அனுபிஸின் வேலை என்பதில் மாற்றமில்லை. ஆனால் தவெரெட்டுக்கு மறுமையில் இடமே இல்லை என்றது பிழை. மறுபிறப்பும் பிறப்புதான் என்பதால் நீர்யானைத் தேவிகளின் உருவம் கல்லறைகளிலும் வரும். ஐந்தாம் பாகத்தில் மறுமையின் படகோட்டியாக அவளை வைத்ததற்கும் ஒரு பிடிமானம் இருக்கிறது. முதலாம் சேத்தியின் கல்லறைக் கூரையில் வரைந்த வடவானத்தில் ஒரு நீர்யானைத் தேவி நிற்கிறாள், முதுகில் முதலை. கையில் படகு கட்டும் முளைக்குச்சி. அதில் ஒரு காளையைக் கட்டி வைத்திருக்கிறாள். அந்தக் காளை நம் சப்தரிஷி மண்டலம். மறையாத விண்மீன்கள் நழுவிப் போகாமல் பிடித்துவைப்பவள் அவள். அந்தத் தேவியும் தவெரெட்டும் ஒருத்தியேவா என்று கேட்டால் உருவம் ஒன்று, பெயர் வேறு. இருந்தாலும் மணற்கடலில் படகை அவள் கையில் கொடுத்தது கண்மூடித்தனமல்ல.

ஐந்தாம் பாகத்தில் தராசு ஆடிக்கொண்டே இருப்பதைப் பாருங்கள். லேசாக வேண்டும் என்று தவெரெட் சொல்வதில்லை, நிலைக்க வேண்டும் என்கிறாள். 8ஆம் தேதி எழுதியதோடு அப்படியே பொருந்துகிறது. ஹாரோவின் கைமேல் வரைந்த தராசு பச்சையோ சிவப்போ காட்டும். தவெரெட்டின் தராசு மட்டத்துக்கு வரும்வரை காத்திருக்கும். எகிப்திய முறை இரண்டாவதுதான்.

முதல் பாகத்தில் அருங்காட்சியகத்துச் சிறுமி ஸ்டீவனிடம், நாணல் வயலுக்குள் (எகிப்தியர் சொர்க்கம்) விடாமல் திருப்பி அனுப்பியது கஷ்டமாக இருந்ததா என்று கேட்பாள். இப்போது திரும்பப் போய் அந்த இடத்தைப் பாருங்கள். ஸ்டீவன் மணலாக உறைகிறான், மார்க் மட்டும் நாணல் வயலில் நிற்கிறான். நான்கு வாரம் முன்பே நம் கண்முன்னால் வைத்துவிட்டார்கள்.

5 மே 2022

முடிந்தது. சின்னச் சின்னதாக.

மார்க்கின் மனைவி லைலா தவெரெட்டின் ஆளாகிறாள், ஆனால் அவள் தங்கச் சிறகு தவெரெட்டுடையது இல்லை. சிறகுள்ள தேவிகள் ஐசிஸ், நெஃப்திஸ், மாஅத், நுத். காப்பாற்றச் சிறகை விரிப்பது ஐசிஸின் பாவனை. ஒரு சிறுமி அரபியில் "நீங்க எகிப்திய சூப்பர்ஹீரோவா?" என்று கேட்க, அவள் "ஆமா" என்கிற இடத்துக்காக இதை மன்னிக்கலாம். லைலா ஏற்கும் 'சிவப்பு வண்டு' பாத்திரம் காமிக்ஸில் ஓர் ஆண், 1977இல் வந்தவர். பெண்ணாக்கியது நல்ல முடிவு.

கெய்ரோ கெய்ரோவாகவே தெரிகிறதே என்று பலர் வியந்திருக்கிறார்கள். இயக்குநர் முகமது தியாப் எகிப்தியர், தெருக்களை புடாபெஸ்டில் செட் போட்டு எடுத்தார்கள். இசை ஹிஷாம் நஸீஹ். 2021 ஏப்ரல் 3இல் 22 அரச மம்மிகளை தஹ்ரீர் சதுக்கத்திலிருந்து புது அருங்காட்சியகத்துக்கு ஊர்வலமாகக் கொண்டுபோனபோது இசையமைத்தவரும் அவரே.

அம்மிட்டின் உருவத்தில் சிங்கமும் நீர்யானையும் காணாமல் போய்விட்டன. முதலைத் தலை, பெண் உடல், பின்னல். அந்த மூன்று விலங்கும் சும்மா சேர்ந்தவை அல்ல. நைல் கரையில் வாழ்ந்தவனைக் கொல்லக்கூடியவை அவை. நீரில் முதலை, கரையில் நீர்யானை, பாலைவன ஓரத்தில் சிங்கம். எங்கே ஓடினாலும் அவள் இருப்பாள் என்பதுதான் அந்த உருவம். முதலை மட்டும் என்றால் தண்ணீரை விட்டு விலகி நின்றால் போதுமே.

9 மே 2022

"ஓர் உடம்பில் பல ஆள் என்பதற்கும் கோன்சுவுக்கும் புராணத்தில் ஏதாவது தொடர்பு?" இவ்வளவு நாளில் வந்த சிறந்த கேள்வி இது.

பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் பெந்த்ரெஷ் கல்வெட்டு என்று ஒன்று இருக்கிறது. கோன்சு கோயில் பக்கம் கிடைத்தது. கதை இரண்டாம் ராம்செஸ் காலத்தில் நடப்பதாகச் சொல்லும், செதுக்கியது பல நூற்றாண்டு கழித்து. பக்தான் என்ற தூரதேசத்து இளவரசி பெந்த்ரெஷ் நோயில் விழுகிறாள். எகிப்திலிருந்து போன அறிஞர் பார்த்துவிட்டு, அவளுக்குள் ஓர் ஆவி இருக்கிறது, மனிதனால் ஆகாது என்கிறார். கோன்சு சிலையை அனுப்புகிறார்கள். போய்ச் சேர ஓர் ஆண்டு ஐந்து மாதம். சிலை வந்ததும் உள்ளே இருந்த ஆவி பேசுகிறது: வாருங்கள், நான் உங்கள் அடிமை, போய்விடுகிறேன், போகும் முன் ஒரு விருந்து வையுங்கள். கோன்சு சம்மதிக்கிறார். சண்டை இல்லை, அடி இல்லை. சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகப் போய்விடுகிறது.

மார்க்குக்கு இருப்பது ஆவியல்ல, சிறுவயது வதையில் பிளந்த மனம். இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. ஆனால் உள்ளே இருக்கும் இன்னொருவரோடு சண்டை போடாமல் பேசி முடிப்பது என்ற வழி, தொடர் ஐந்தாம் பாகத்தில் வந்து சேர்ந்த இடமும் அதுதான்.

இன்னொன்று. அந்தக் கல்வெட்டில் கோன்சு இரண்டு பேர். தீப்ஸிலேயே தங்கும் பெரிய கோன்சு ஒருவர், வெளியூர் போய் வேலை முடிக்கும் கோன்சு ஒருவர். அரசன் கேட்க, பெரியவர் இரண்டு முறை தலையசைத்தபிறகுதான் மற்றவர் புறப்படுகிறார். பக்தான் அரசன் சிலையைத் திருப்பித் தர மனமில்லாமல் மூன்று ஆண்டு ஒன்பது மாதம் வைத்துக்கொள்கிறான். ஒருநாள் கனவில் தங்க வல்லூறு ஒன்று எகிப்து நோக்கிப் பறப்பதைப் பார்த்துப் பயந்து அனுப்பிவைக்கிறான். திரும்பி வந்த கோன்சு, கிடைத்த பரிசு அனைத்தையும் பெரிய கோன்சுவின் முன் வைக்கிறார். தனக்கென்று ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை.